வெங்காயத் தோலில் மைட்டோகாண்ட்ரியா ஏன் தெரியவில்லை?

லேத் பட்டறை, கோவை (கேள்வி)

வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஃபோல்ட்ஸ்கோப் கொடுத்தார்கள். மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கி அது, 140 மடங்கு பெரிதாகக் காட்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காயத்தின் உள்பக்கத் தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, என் போனை ஒட்டிப் பார்த்தோம். செங்கல் அடுக்கியது போலக் கட்டம் கட்டமாக வந்தது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. ஆனால் மகள் முகம் வாடிவிட்டது. புத்தகத்தில் உள்ள செல் படத்தில் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கை, ரைபோசோம், செல் சவ்வு என்று பத்துப் பன்னிரண்டு பாகம் போட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது கோடு மட்டும்தான். "அப்பா, நாம ஏதோ தப்பா செஞ்சிட்டோம்" என்கிறாள்.

இன்னொன்று. செல் சுவர், செல் சவ்வு என்று இரண்டு சொல்கிறார்கள். எங்களுக்கு ஒரே கோடாகத்தான் தெரிகிறது. இரண்டும் தனித்தனி என்று எப்படிக் காட்டுவது? நான் பத்தாவதோடு பட்டறைக்கு வந்தவன். மைக்ரான் கணக்கில் சொன்னால் எனக்குப் புரியும்.

மாடித்தோட்டம்

உட்கருவைப் பார்த்துவிடலாம். மருந்துக் கடையில் டிங்க்சர் அயோடின் வாங்கி, ஒரு சொட்டில் தண்ணீர் கலந்து தோலின் மேல் விடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பழுப்பாக ஒரு புள்ளி வரும். பசுங்கணிகத்தை வெங்காயத்தில் தேட வேண்டாம், வெயிலே படாத பாகம் அது. மீன் தொட்டியில் போடும் ஹைட்ரில்லா இலை ஒன்றை வைத்தால் பச்சை மணிகள் நிறையத் தெரியும்.

ஓய்வு பெற்ற தாவரவியல் டீச்சர்

தம்பி, உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவள் கேட்டது நல்ல கேள்வி என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

மைக்ரானிலேயே சொல்கிறேன். நீங்கள் பார்த்த ஒரு கட்டம்தான் ஒரு செல். அதன் நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர், அதாவது 250 மைக்ரான். உட்கரு பத்து, இருபது மைக்ரான். மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் அரை முதல் ஒரு மைக்ரான். உங்கள் ஃபோல்ட்ஸ்கோப்பால் இரண்டு மைக்ரான் வரைதான் பிரித்துக் காட்ட முடியும். பள்ளி ஆய்வகத்துப் பெரிய நுண்ணோக்கிக்கும் 0.2 மைக்ரான்தான் எல்லை, காரணம் ஒளி அலையின் நீளம். ரைபோசோம் அதற்கும் பத்து மடங்கு சிறியது. செல் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

புத்தகப் படம் ஒரே நாளில், ஒரே கருவியில் பார்த்து வரைந்தது கிடையாது. ராபர்ட் ஹூக் 1665இல் தக்கையைச் சீவிப் பார்த்தபோது வெறும் அறைகளைத்தான் கண்டார். 'செல்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பெயர் வைத்தது 1831இல். கோல்கை என்ற விஞ்ஞானி 1898இல் ஆந்தையின் மூளைச் செல்லில் வெள்ளிச் சாயம் ஏற்றி, இன்று அவர் பெயரிலேயே படத்தில் இருக்கும் வலை போன்ற பாகத்தைப் பார்த்தார். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்ற சந்தேகம், எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை பலருக்குத் தீரவில்லை. ரைபோசோம்களை பலாடே என்ற விஞ்ஞானி விவரித்தது 1955இல். முந்நூறு வருடம் பலர் பார்த்ததை ஒரே பக்கத்தில் வரைந்து பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறோம். இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

சவ்வு விஷயத்துக்கு வருகிறேன். அதை நேரே பார்க்க முடியாது, ஆனால் சுவரை விட்டு விலக வைக்கலாம். பூங்காக்களில் ஓரம் கட்ட நடுவார்களே, மேலே பச்சை, அடியில் ஊதாவாக நீண்ட இலை, அதுதான் ரியோ. அதன் அடிப்பக்கத் தோலைக் கொஞ்சம் உரியுங்கள். சாறு கையில் அரிக்கும், கழுவிவிடுங்கள். தண்ணீரில் வைத்துப் பார்த்தால் கட்டம் முழுக்க ஊதா. செல்லின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் நுண்குமிழின் சாறு அது. அப்புறம் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து அதில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். உப்பு நீர் சுவரைத் தாண்டி உள்ளே போகும், சவ்வைத் தாண்டாது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் வெளியே வரும். கட்டம் அப்படியே நிற்க, ஊதா மட்டும் சுருங்கி நடுவில் ஒதுங்கும். நிற்பது சுவர். ஊதாவின் ஓரத்தைச் சுற்றிப் பிடித்திருப்பது சவ்வு.

ரத்தப் பரிசோதனைக்கூடம்

டீச்சர் சொன்னதன் மறுபக்கத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரத்தத்தில் சலைன் விடுவதற்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த நீரை விட்டுவிட்டேன். கலங்கலாக இருந்த குழாய் நொடியில் கண்ணாடி போலத் தெளிந்து சிவந்தது. சிவப்பணுக்கள் அத்தனையும் ஊதி வெடித்துவிட்டன. அவற்றுக்குச் சவ்வு உண்டு, சுவர் இல்லை. லிட்டருக்கு 9 கிராம் உப்பு சேர்த்த சலைனில் அவை பத்திரமாக இருக்கும். வெங்காயம் வெறும் தண்ணீரில் கிடந்தாலும் வெடிக்காததற்குக் காரணம் சுவர் தாங்குவதுதான். மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: மனிதச் சிவப்பணு முதிர்ந்த பிறகு அதில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. படத்தில் உள்ள எல்லாமே எல்லாச் செல்லிலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

லேத் பட்டறை, கோவை

செய்துவிட்டோம். பக்கத்து அப்பார்ட்மென்ட் வாசலில் ரியோ கிடைத்தது. முதல் தடவை தோல் தடிமனாக வந்து ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை சரியாக உரிந்தது. உப்பு நீர் விட்டு ஏழெட்டு நிமிடத்தில் ஒரு மூலையிலிருந்து ஊதா விலக ஆரம்பித்தது. மகள் போனைக் கீழே வைக்கவே இல்லை. பிறகு உப்பை ஒற்றி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டோம், பல கட்டங்களில் ஊதா திரும்பப் பரவியது. "செல் உயிரோட இருக்குப்பா" என்றாள். 250 மைக்ரான் கட்டத்துக்குள் இவ்வளவு நடக்கிறது. என் மைக்ரோமீட்டரில் 10 மைக்ரான் பிசகினாலே பீஸைத் தூக்கிப் போடுகிறவன் நான்.

இப்போது நோட்டில் சுவர், சுருங்கிய ஊதா, உட்கரு மூன்றை மட்டும் வரைந்து வைத்திருக்கிறாள். மார்க் குறைப்பார்களா டீச்சர்?

ஓய்வு பெற்ற தாவரவியல் டீச்சர்

பரீட்சையில் புத்தகப் படத்தையே போடச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் கண்டது மட்டும் இருக்கட்டும், பக்கத்தில் தேதி, 140 மடங்கு, எத்தனை நிமிடத்தில் சுருங்கியது என்று எழுதச் சொல்லுங்கள். உட்கருவை வெங்காயத்தில்தானே பார்த்தாள்? அதை ரியோ படத்துக்குள் போட வேண்டாம், தனியாக வரையட்டும்.