பதில் வந்த முப்பத்தோராவது கடிதம்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களை இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது. "தங்கள் ஆய்வுகளைக் கண்டு வியந்தேன்" என்று தொடங்கி, மதிப்பெண்களை ஒப்பித்து, "தங்கள் ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு தர வேண்டும்" என்று முடியும். ஒரே கடிதம், முப்பது பேருக்கு. ஒருவருக்குப் போனதில் இன்னொருவர் பெயர் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஒரு பதிலும் வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

முப்பத்தோராவது கடிதம் நான்கே வரி. ஒரு கட்டுரையின் மூன்றாவது வரைபடத்தில், குறைந்த வெப்பநிலையில் எடுத்த இரண்டு புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றன. என் அளவீட்டிலும் அதே இடத்தில் அதே விலகல். "இது கருவியின் கோளாறா, பொருளின் குணமா?" என்று அந்தக் கட்டுரையை எழுதியவரிடம் கேட்டு, என் வரைபடத்தையும் இணைத்தேன். மறுநாளே பதில் வந்தது: "வெப்பநிலை உணரியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" போய்ப் பார்த்தேன். மாதிரியை விட்டு இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. பிற்பாடு எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தவர் அவர்தான்.

* * *

மேலே எழுதியவருக்கு: விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவர், 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, படங்களோடு தானே நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். உடனே வேலை கிடைத்துவிடவில்லை. ஆய்வக உதவியாளர் ஒருவர் சண்டையில் இறங்கி வேலையை இழந்த பிறகுதான், 1813இல் டேவி கூப்பிட்டு அனுப்பினார். இடம் காலியானது அதிர்ஷ்டம். ஆனால் அந்த நேரத்தில் டேவிக்கு நினைவு வந்த பெயர் ஃபாரடே.

* * *

என் அனுபவம் பேச்சு பற்றியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியின் விதி தெரிந்திருக்கும்: அசையாத ஒரே ஸ்லைடு, மூன்றே நிமிடம். எங்கள் துறையில் நடந்த சுற்றில், முன்னுரையை முடிக்கும்போதே எனக்கு இரண்டு நிமிடம் போய்விட்டது. முடிவைச் சொல்லாமலே இறங்கினேன்.

என் நெறியாளர் திட்டவில்லை. உரையை அச்செடுத்து வரச் சொல்லி, சிவப்புப் பேனாவால் முதல் பத்தி முழுவதையும் அடித்தார். அடுத்த பத்தியையும் அடித்தார். மூன்றாவதில் ஒரு வரியின் கீழ் கோடிட்டு, "இங்கிருந்து தொடங்கு" என்றார். "பின்னணி தெரியாமல் எப்படிப் புரியும்?" என்று வாதாடினேன். "கேட்பார்கள், அப்போது சொல்" என்றார். அடுத்த மாநாட்டில் என் ஆய்வை விளக்கும் சுவரொட்டி முன் நின்றவர்களிடம் அந்த வரியை மட்டும் சொல்லி நிறுத்தினேன். உண்மையிலேயே கேட்டார்கள்.

* * *

எனக்கு அப்படி ஒரு நெறியாளர் வாய்க்கவில்லை. ஓராண்டு உழைத்த கட்டுரையில் என் பெயர் நன்றியுரையில்தான் வந்தது. வேலையில் இறங்குமுன், கட்டுரையை எழுதியவர்களாக யார் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்று பேசிக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொன்னவர், பக்கத்து ஆய்வகத்தில் என்னைவிட ஓராண்டு மூத்த மாணவி. இப்போதும் எதை எழுதினாலும் முதலில் அவரிடம்தான் காட்டுகிறேன்.