செங்கோட்டை மலைரயில், குற்றாலம்: டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து ஒரு கேள்வி:
பெரியவர்கள் இரண்டு பேரோடு சேர்த்து மொத்தம் நாலு பேர். ஆடியில் மூன்று நாள் கிடைக்கிறது. புனலூர்–செங்கோட்டை மலைப்பாதையை ரயிலில் பார்க்க வேண்டும், குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும் விட்டுப்போகக் கூடாது. எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

தஞ்சாவூர் உறுப்பினர்:
மலையைப் பகலில் கடக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் இதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்திலிருந்து நேராக மலையேறுகிற வண்டி என்று வேளாங்கண்ணி–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸை (16362) எல்லோரும் சொல்வார்கள். திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகப் போகிற வண்டிதான், சௌகரியம்தான். ஆனால் அது செங்கோட்டையைத் தாண்டும்போது இன்னும் விடிந்திருக்காது. குகையும் தெரியாது, பாலமும் தெரியாது.

அதனால் மயிலாடுதுறை–செங்கோட்டை எக்ஸ்பிரஸில் (16847) போங்கள். மதியம் புறப்பட்டு கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராஜபாளையம் வழியாக இரவில் போய்ச் சேரும். தங்குவது குற்றாலத்தில் என்றால் தென்காசியிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்விடுங்கள். அங்கிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் திரும்புங்கள். கொல்லத்திலிருந்து நண்பகல் வாக்கில் கிளம்பும் சென்னை எக்ஸ்பிரஸ் (16102) இதற்குத் தோதானது. ஏன் இந்தத் திசை என்றால், புனலூர்ப் பக்கம் தாழ்வு, ஏற்றம் நீளம். முன்னால் ஒரு என்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ள, வண்டி மெதுவாக ஏறும். சுமார் 50 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம், குகைகள், பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவில் வரும் குகைதான் நீளமானது, கிட்டத்தட்ட 900 மீட்டர். 1904இல் திறந்த பாதை இது. மீட்டர்கேஜ் 2010இல் நின்றது, 2018இல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது. பழைய கண் பாலத்தையே பலப்படுத்தி அதன் மேல்தான் இன்றும் வண்டி ஓடுகிறது. அதை இடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

ஏசி பெட்டி எடுக்காதீர்கள். சாரல் நேரத்தில் கண்ணாடியில் ஈரம் படிந்து ஒன்றும் தெரியாது. ஸ்லீப்பரில் பக்கவாட்டுக் கீழ் இருக்கை கிடைத்தால் நல்லது. குறைந்த தூரமானாலும் ஸ்லீப்பருக்கு 200 கிலோமீட்டர் கட்டணம் வாங்குவார்கள். பெரியவர்கள் இருப்பதால் அது கொடுக்கத் தகுந்த காசுதான். முடிந்தால் கடைசிப் பக்கம் உள்ள பெட்டியாகப் பாருங்கள். வளைவுகளில் வண்டி முழுவதும் வளைந்து போவது ஜன்னல் வழியே தெரியும். படிக்கட்டில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம். குகைச் சுவர் பெட்டிக்கு மிக அருகில் வரும்.

திருத்துறைப்பூண்டி உறுப்பினர்:
திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கம் இருக்கிறவர்கள் தாம்பரம்–செங்கோட்டை வண்டியையும் (20683) பார்க்கலாம். வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது, முற்பகலில் செங்கோட்டை சேரும். இதில் தேதிதான் வம்பு. தாம்பரத்தில் இரவு கிளம்புகிற வண்டி நம் ஊருக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். பயணச்சீட்டில் நீங்கள் ஏறும் நிலையத்தின் தேதி இருக்க வேண்டும். முதல் நாள் இரவு ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருப்பீர்கள் என்றால் சீட்டில் மறுநாள் தேதி. இதில் குழம்பி ஒரு நாள் தவறவிட்டால் பணம் போனது போனதுதான்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நடுநிலையத்திலிருந்து எடுத்துக் காத்திருப்போர் பட்டியலில் விழுந்தால் நகர்வது கஷ்டம். புறப்படும் நிலையத்திலிருந்தே சீட்டு எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டால் உறுதியாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த மாற்றத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், முதல் நிலையத்தில் ஆள் வரவில்லை என்று பரிசோதகர் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறவும் முடியாது. தட்கல் என்றால் ஸ்லீப்பருக்குக் காலை 11 மணி. இணையத்தில் எடுப்பதானால் கணக்கோடு ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள்.

இன்னொன்று. ஆடி மழையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ வண்டி மலையில் ஏறாது. செங்கோட்டையோடு, அல்லது புனலூரோடு நின்றுவிடும். அன்று காலை ரயில்வே செயலியில் வண்டியின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் புனலூர் பஸ் ஏற வேண்டும்.

மயிலாடுதுறை உறுப்பினர்:
ரயில் விஷயம் மேலே வந்துவிட்டது, கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். நம் சீர்காழிச் சம்பந்தப் பெருமான் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், அங்குள்ள குறும்பலாவுக்குத் தனியாக இன்னொரு பதிகமும் பாடியிருக்கிறார். தலமரத்துக்கென்றே பதிகம் கிடைத்த ஊர். பேரருவிக்குப் பக்கத்திலேயே கோயில், சங்கு வடிவில் கட்டப்பட்டது.

சித்திர சபை கோயிலுக்குள் இல்லை. சற்றுத் தள்ளி, குளத்தோடு தனியாக இருக்கிறது. கோயிலில் கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறவர்கள் ஏராளம். நடராசர் ஆடுகிற ஐந்து சபைகளில் இது ஒன்று. மற்ற நான்கிலும் நடராசர் திருமேனியாக நிற்கிறார். இங்கே சுவரில் ஓவியமாக. சுவர் முழுக்க மூலிகை நிறச் சித்திரங்கள். கை வைக்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். ஈரக்காற்றிலேயே அவை போதுமான அளவு சிதைகின்றன.

நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். தஞ்சாவூர்க்காரர் சொன்ன கணக்குப்படி பிற்பகலில் செங்கோட்டையில் இறங்கினால், ஒரு காபி குடித்துவிட்டு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ குற்றாலம் வந்து, மாலை நடை திறப்பதற்குச் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் காலையில் செங்கோட்டை–மயிலாடுதுறை எக்ஸ்பிரஸை (16848) பிடித்தால் மாலைக்குள் கும்பகோணம்.

தஞ்சாவூர் உறுப்பினர்:
நல்லது ஐயா. இரண்டு சேர்க்கிறேன். புனலூர் போகும் வழியில் ஆரியங்காவில் இறங்குவதானால், அங்குள்ள சாஸ்தா கோயில் சாலை மட்டத்திலிருந்து படி இறங்கிப் போகும் பள்ளத்தில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் மழை நேரத்தில் படியில் கவனமாக இருக்க வேண்டும். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

அருவியில் சோப்பு, ஷாம்பு கூடாது. வெள்ளம் வந்தால் உடனே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அது மணிக்கணக்கிலும் நீளும். ஆகவே குளியலுக்கென்று மூன்றாம் நாள் காலையை வைக்காதீர்கள். காலை வண்டியைத் தவறவிட வேண்டியிருக்கும். மாற்றுத்துணியை பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுபோங்கள்.