டார்க் தொடர்: ஸ்ட்ரேஞ்சர் திங்ஸின் சாயலா, வேறு வேர்களா?

மழைக்கோட்டு

(ரசிகர்கள் சிலரின் உரையாடல் இது, தனி வரியில் இருப்பவை எழுதியவர்களின் பெயர்கள். மூன்று சீசனுக்கும் ஸ்பாய்லர் உண்டு. முடிக்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.)

நெட்ஃபிளிக்ஸின் ஜெர்மன் டைம் டிராவல் தொடரான டார்க்கை இரண்டாவது முறை பார்க்கத் தொடங்குகிறேன். இந்த முறை கதையைத் துரத்தாமல், எது எங்கிருந்து வந்தது என்று கவனித்துப் பார்க்க ஆசை. மூன்று சந்தேகங்கள்.

காணாமல் போகும் சிறுவன், காடு, எண்பதுகள், பக்கத்திலேயே மர்மமான ஒரு நிறுவனம் என்று எல்லாம் இருப்பதால் அமெரிக்கத் தொடரான ஸ்ட்ரேஞ்சர் திங்ஸைப் பார்த்துச் செய்தது என்று பலர் சொல்கிறார்கள். இது சரியா?

33 வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் பழைய இடத்துக்கே திரும்புகிறது என்று தொடரில் சொல்கிறார்கள். இந்தச் சுழற்சிக்கு உண்மையில் வானியல் அடிப்படை உண்டா?

மூன்றாவது, முதல் சீசனில் 2019-லிருந்து 1986, 1953 என்று சரியாக 33 கழிகிறது. பிறகு 1921 எப்படி வந்தது? 1953-லிருந்து 33 போனால் 1920 அல்லவா?

குகைவாசல்

முதல் கேள்விக்குத் தேதிகளே பதில் சொல்லிவிடும். நெட்ஃபிளிக்ஸ் தன் முதல் ஜெர்மன் தொடராக டார்க்கை அறிவித்தது 2016 பிப்ரவரியில். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் வெளியானது அதே ஆண்டு ஜூலை 15. டார்க்கின் படப்பிடிப்பு அக்டோபரில் பெர்லினைச் சுற்றித் தொடங்கியது, முதல் சீசன் 2017 டிசம்பர் 1 அன்று வந்தது. பின்னால் வந்ததால் காப்பி என்ற பேச்சு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உண்மையான முன்னோடியைப் பார்க்க வேண்டுமானால் இயக்குநர் பாரான் போ ஓடாரின் பழைய படத்துக்குப் போங்கள். 2010-ல் வந்த 'தஸ் லெட்ஸ்ட்டெ ஷ்வைகன்'. 1986-ல் ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள், 23 வருடம் கழித்து அதே நாளில், அதே இடத்தில் இன்னொரு சிறுமி காணாமல் போகிறாள். பழைய குற்றத்தின் காயம் ஆறாத பெற்றோர், குற்றம் தெரிந்தும் வாய் திறக்காத ஆள், கோடை வெயிலில் அசையாமல் நிற்கும் வயல். அறிவியல் புனைவு துளிகூட இல்லை. ஆனால் டார்க்கில் காணாமல் போகும் மாட்ஸ் நீல்சன், எரிக் ஓபன்டார்ஃப் கதைகளின் எலும்புக்கூடு முழுக்க அங்கே இருக்கிறது. அதோடு டைம் டிராவலைச் சேர்த்தால் முதல் சீசனின் பாதி கிடைத்துவிடும்.

1986-ஐ ஏக்கத்துக்காக எடுத்த ஆண்டாக நினைக்கக் கூடாது. அந்த ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வெடித்தது. கதிரியக்க மேகம் ஜெர்மனிக்கு மேலேயும் வந்தது. குழந்தைகளை மணலில் விளையாட விட வேண்டாம், கீரையும் பாலும் வேண்டாம் என்ற அச்சம் அந்தத் தலைமுறையின் நினைவில் பதிந்தது. தெற்கு ஜெர்மனியில் காட்டுப்பன்றி இறைச்சியை இன்றும் சீசியம்-137 அளவு பார்த்துத்தான் விற்க வேண்டும், கிலோவுக்கு 600 பெக்கரல் வரம்பு. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸின் எண்பதுகள் விளையாட்டும் பாட்டும் நிறைந்தவை, டார்க்கின் எண்பதுகளில் மழையே பயம்.

தொடரில் வரும் மஞ்சள் அணுக்கழிவுப் பீப்பாய்களும் அப்படித்தான். கீழ் சாக்சனியில் ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய் அணுக்கழிவு இறக்கினார்கள். இப்போது அதற்குள் நீர் கசிகிறது, வெளியே எடுப்பது எப்படி என்பது பெரும் பிரச்சினை. அணுமின் நிலைய மேலாளர் விபத்தை மறைத்துப் பீப்பாய்களைக் குகைக்குள் ஒளிக்கிறார் என்று தொடரில் வரும்போது ஜெர்மன் ரசிகனுக்கு அது கற்பனையாகவே படாது. கதை நடக்கும் விண்டன் ஊரின் நிலையம் 2020-ல் மூடப்படப் போவதாகத் தொடரில் வருகிறது. நிஜத்தில் அந்நாட்டின் கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன.

அமெரிக்க மர்மத் தொடரான ட்வின் பீக்ஸின் சாயல் உண்டு, மறுக்க மாட்டேன். ஒரு சிறு ஊர், ஒரு சாவு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரகசியம் என்ற அமைப்பு அதிலிருந்து வந்த மரபுதான். ஆனால் அங்கே கனவு விடை சொல்லும். இங்கே வம்ச வரைபடம் சொல்லும். அதனால்தான் அதைச் சாயல் என்கிறேன், தாக்கம் என்று சொல்ல மாட்டேன். எடுத்துவிட்டால் கதை உடையுமா என்று பாருங்கள். செர்னோபிலை எடுத்தால் டார்க் உடையும். ட்வின் பீக்ஸை எடுத்தால் உடையாது.

நுண்துளி

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சூரிய ஆண்டு 365.2422 நாள். பன்னிரண்டு சந்திர மாதம் 354.367 நாள். 33 சூரிய ஆண்டு என்றால் 12,053 நாள், 34 சந்திர ஆண்டு என்றால் 12,048.5 நாள். வித்தியாசம் நாலரை நாள். ஆக, 33 வருடத்தில் சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் கிட்டத்தட்ட சந்திக்கின்றன என்பது உண்மை. "எல்லாம் பழைய இடத்துக்கே திரும்புகிறது" என்பது மிகை. நவம்பர் 4 அன்று குகை வாசலில் நின்று நிலவைப் பார்த்தால், 33 வருடத்துக்கு முந்தைய அதே தேதியின் பிறையைவிட நாலரை நாள் தள்ளி நிற்கும். துல்லியம்தான் வேண்டுமென்றால் மெட்டன் சுழற்சியான 19 வருடத்தை எடுத்திருக்க வேண்டும். 235 சந்திர மாதமும் 19 சூரிய ஆண்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசத்தில் பொருந்தும்.

ஆனால் 19 வருடத்தில் கதை ஓடாது. 33 என்பது ஒரு தலைமுறை. மகனின் பதின்வயதும் அப்பாவின் பதின்வயதும் அடுத்தடுத்த சுழற்சியில் அமைய வேண்டும், தாத்தா இன்னொரு சுழற்சியில் இளைஞராக இருக்க வேண்டும். 19 வைத்தால் முந்தைய சுழற்சியில் அப்பா பதின்வயதைத் தாண்டியவராக இருப்பார். மத மரபின் கனமும் இந்த எண்ணுக்கு உண்டு. தாந்தேயின் காவியத்தில் இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்குத் தலா 33 காண்டங்கள்.

இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் 1935. ஐன்ஸ்டைனும் ரோஸனும் பாலம் (காலவெளியின் இரு இடங்களை இணைக்கும் புழுத்துளை) பற்றிய கட்டுரையை வெளியிட்டது அந்த ஆண்டு. பெட்டியைத் திறக்கும்வரை உயிரோடும் இறந்தும் இருக்கும் பூனையை ஷ்ரோடிங்கர் எழுதியதும் அதே ஆண்டுதான். முதல் இரண்டு சீசனும் பாலத்தின் மேல் நிற்கின்றன, மூன்றாவது சீசன் பூனையின் மேல். பேரழிவு நொடியில் காலம் ஒரு கணம் நின்று, நாயகன் யோனாஸ் காப்பாற்றப்பட்டான், காப்பாற்றப்படவில்லை என்ற இரண்டும் உண்மையாவது பெட்டிக்குள் இருக்கும் பூனைதான். மூன்றாவது சீசன் திடீரென்று வேறு பாதையில் போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு இதையே சொல்வேன்: இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்த கேள்விகள்.

குறையும் சொல்ல வேண்டும். ஐன்ஸ்டைன்-ரோஸன் பாலம் வழியாக யாரும் நடந்து போக முடியாது. ஒளி கடப்பதற்குள் அது அறுந்துவிடும் என்று 1962-ல் ஃபுல்லரும் வீலரும் காட்டினார்கள். ஆள் கடக்கக்கூடிய புழுத்துளைக்கு எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள் வேண்டும் என்பது 1988-ல் மோரிஸ், தோர்ன் எழுதியது.

தொடரின் காலப் பயண இயந்திரமான பித்தளைப் பெட்டிக்குள் சீசியத்தை அமுக்கிக் கருந்துளை ஆக்குவதும் சிக்கல். ஒரு கிராம் கருந்துளை ஹாக்கிங் கதிர்வீச்சால் கண நேரத்தில் ஆவியாகி, சுமார் 21 கிலோடன் டிஎன்டிக்குச் சமமான ஆற்றலைக் கொட்டும். ஹிரோஷிமா குண்டு ஏறத்தாழ 15 கிலோடன். பெட்டியைத் திருகியவர், கடை, தெரு எதுவும் மிஞ்சாது. இருந்தும் சீசியத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. செர்னோபில் மேகம் கொண்டு வந்த அதே பொருள், அரை ஆயுள் 30 வருடத்துக்குச் சற்று மேல். 1986-ல் மண்ணில் விழுந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக 2019-லும் இருக்கிறது.

மழைக்கோட்டு

இருவருக்கும் நன்றி. 1935 பொருத்தம் எனக்குத் தோன்றவே இல்லை. கூடவே ஒன்று கேட்கிறேன். கடிகாரக்காரர் டான்ஹவுஸ் அந்தக் காலப் பயண இயந்திரத்தைச் செய்கிறார். வரைபடம் கிளாடியா கொடுத்தது, மாதிரி அந்நியன் (நடுவயது யோனாஸ்) கொண்டு வந்தது. அப்படியானால் கண்டுபிடித்தது யார்? இதைத் திரைக்கதை ஓட்டை என்று எடுத்துக்கொள்ளலாமா?

செம்புநூல்

ஓட்டை இல்லை ப்ரோ. இதற்கு இயற்பியல் கட்டுரையே உண்டு. லோசெவ், நோவிகோவ் இருவரும் 1992-ல் எழுதினார்கள், இப்படித் தொடக்கம் இல்லாமல் சுழல்பவற்றை 'ஜின்' என்றார்கள். முதல் வகை ஜின் பொருள், இரண்டாம் வகை தகவல்.

பொருள் சுழன்றால் தேய்மானம் இடிக்கும். ஒரு கடிகாரம் சுற்றிச் சுற்றி வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கீறல் கூடும். ஆனால் அது ஒரே சுற்றுதான், ஆகவே புறப்பட்ட நிலைக்கே யாராவது அதைத் திருப்பியாக வேண்டும். தகவலுக்கு இந்தத் தொல்லை இல்லை, புதிய தாளில் மறுபடி வரைந்தால் போதும். டார்க் எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பழைய இயந்திரம் பழுதாகித்தான் டான்ஹவுஸிடம் வருகிறது, அவர் புதிதாக ஒன்றைச் செய்கிறார். சுழல்வது வடிவமைப்பு மட்டும். நோவிகோவின் இன்னொரு கொள்கையும் இங்கே பொருந்தும்: காலப் பயணி செய்வது எல்லாம் ஏற்கெனவே நடந்ததின் பகுதி. உல்ரிக் 1953-ல் சிறுவன் ஹெல்கேயைக் கல்லால் அடித்தது பிற்காலக் கடத்தல்களைத் தடுப்பதற்கு, ஆனால் அந்தக் காதின் தழும்பே அந்த அடியால் வந்தது. மைக்கேலின் சாவும் அதேதான். அதைத் தடுக்கப் போன யோனாஸ்தான் அப்பாவுக்கு அந்த முடிவைப் பற்றியே சொல்கிறான். இரண்டாம் சீசன் ஆறாம் எபிசோடைத் தனியாக ஒருமுறை பாருங்கள், மொத்தத் தொடரும் அதற்குள் இருக்கிறது.

சார்லொட், எலிசபெத் விவகாரம் இன்னும் ஆழமானது. ஒருவருக்கொருவர் தாயும் மகளும். சாதாரண மரபணுவில் சார்லொட்டுக்குப் பாதி அப்பா நோவாவிடமிருந்தும், எலிசபெத்துக்குப் பாதி அப்பா பீட்டரிடமிருந்தும் வெளியே இருந்து சேர்கிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அப்படி இல்லை, தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே இந்த இருவருக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வரிசைக்கு மூலத்தாயே கிடையாது. இரண்டு பெண்களுக்கு இடையே மட்டும் சுழலும் ஒரு தகவல். தொடரில் யாரும் இதைப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், மொத்தத் தொடரிலும் மிகத் தூய ஜின் இதுதான்.

ஏழாம்பரிதி

தத்துவப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. மூன்று சீசனின் தொடக்க மேற்கோள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவது ஐன்ஸ்டைன்: கடந்தது, நிகழ்வது, வருவது என்ற வேறுபாடு பிடிவாதமான மாயை என்று 1955 மார்ச்சில், நண்பர் பெஸ்ஸோ இறந்ததும் அவர் குடும்பத்துக்கு எழுதியது. அடுத்த மாதமே அவரும் இறந்தார். இரங்கல் கடிதத்தின் வரியோடு, ஒரு தற்கொலையில் தொடங்கும் தொடர் இது. இரண்டாவது நீட்சேயின் பாதாளம்: அதை நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் அதுவும் உன்னை உற்றுப் பார்க்கும். மூன்றாவது ஷோப்பன்ஹாவர்: மனிதன் விரும்பியதைச் செய்யலாம், எதை விரும்புவது என்று விரும்ப முடியாது.

என் கருத்தில் இந்த மூன்றாவதுதான் கதையின் முதுகெலும்பு. எடுத்துவிட்டால் கதை உடையுமா என்று குகைவாசல் நண்பர் சொன்ன அதே அளவுகோலை இங்கே வைக்கிறேன். யோனாஸ் ஏன் முதுமையில் ஆடம் ஆனான்? யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை. காதலி மார்த்தாவை விட முடியவில்லை. நோவா, உல்ரிக், எவா (இன்னொரு உலகத்தின் முதிய மார்த்தா) எல்லோரும் தங்கள் ஆசையைத்தான் செய்கிறார்கள், அந்த ஆசையே சங்கிலி. இயற்பியல் சொல்லும் நிலைத்த காலம் இதற்கு ஒரு படம் மட்டும்.

அதனால் இறுதி எபிசோடில் எனக்கு மனக்குறை உண்டு. இரண்டு உலகங்களும் பிரிந்து வந்த மூல உலகத்தில், டான்ஹவுஸின் மகனையும் அவன் குடும்பத்தையும் யோனாஸும் மார்த்தாவும் காப்பாற்றியதும் முடிச்சு, அதாவது அந்தச் சுழற்சி, அவிழ்கிறது. இருபத்தைந்து எபிசோடாகக் காரணமும் விளைவும் மாற்ற முடியாதவை என்று காட்டிவிட்டு, கடைசியில் ஒரு காரணத்தை வெளியே இருந்து வெட்டுகிறார்கள். எல்லாம் முடிவின்றித் திரும்ப வரும் என்ற நீட்சேயின் மீள்வருகையில் வெளியே என்று ஓர் இடமே கிடையாது.

நுண்துளி

இதில் உடன்பட மாட்டேன். நின்றுபோன அந்த நொடி மூன்றாம் சீசன் நடுவிலேயே வந்துவிடுகிறது, எவா அதைத்தான் பயன்படுத்துகிறாள். விதிவிலக்கைக் கடைசியில் ஒட்ட வைக்கவில்லை, முன்பே விதைத்திருக்கிறார்கள். டைட்டில் காட்சிகூட முதல் சீசனிலிருந்தே கண்ணாடிப் பிம்பமாக இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

குகைவாசல்

மூன்றாம் கேள்வி அப்படியே நிற்கிறது. 1921 பிழை இல்லை. சுழற்சி எல்லாக் காலத்திலும் சேர்ந்தே முன்னேறுகிறது. முதல் சீசன் 2019 நவம்பர், ஆகவே 1986, 1953. இரண்டாம் சீசன் 2020 ஜூன் 21-ல் தொடங்குகிறது, ஆகவே 1987, 1954, 1921, அந்தப் பக்கம் 2053. மூன்றாம் சீசனின் 1888-ம் இதே வரிசைதான். பேரழிவு 2020 ஜூன் 27, அந்தத் தேதியிலேயே மூன்றாம் சீசனை வெளியிட்டார்கள்.

குறிப்பு எடுத்துக்கொண்டு பார்ப்பதானால் தாளைப் படுக்கையாக வைத்து மேலே ஆண்டுகளை எழுதுங்கள். ஓர் ஆளுக்கு ஒரே வரி. அந்நியனுக்குத் தனி வரி, ஆடமுக்குத் தனி வரி என்று போட்டால் இரண்டாம் சீசனில் எல்லாம் குழம்பும், அது யோனாஸின் வரியிலேயே போக வேண்டும். பயணத்துக்கு அம்புக்குறி, பிறப்புக்கு வேறு நிறக் கோடு. எவாவின் உலகத்துக்குத் தனித் தாள். முதல் தாளிலேயே அதையும் நுழைத்தால் பிறகு எதுவும் விளங்காது.

கடைசியில் சரிபார்க்க ஒரு வழி. இறுதி எபிசோடின் விருந்து மேசையில் ஆறு பேர்: ரெகினா, காத்தரினா, ஹன்னா, பீட்டர், பென்னி, வோலர். முடிச்சு இல்லாமலேயே பிறந்திருக்கக் கூடியவர்கள் மட்டும் அங்கே இருக்கிறார்கள். உங்கள் தாளில் இந்த ஆறு பேரின் மேலே போகும் பிறப்புக் கோடு எதுவும் சுழற்சிக்குள் நுழையக் கூடாது. ரெகினாவின் அப்பா இடத்தில் ட்ரொன்டே என்று எழுதியிருந்தால் அங்கே மாட்டும், ஏனென்றால் ட்ரொன்டேயின் அம்மா ஆக்னஸ் சுழற்சியில் பிறந்தவள். ரெகினா அவர் மகள் இல்லை என்று கிளாடியா சொல்லும் காட்சி மூன்றாம் சீசனில் உண்டு, வேகமாகக் கடந்துவிடும்.