மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையால் ரத்தம் கட்டுமா?

கேள்வி – மண்டபம் மருந்துக்கடை
ஆடி அமாவாசை நெருங்கினாலே, "22 தீர்த்தமும் ஆடணும், தீட்டு தள்ளிப்போக மாத்திரை குடுங்க" என்று சீட்டில்லாமல் கேட்கிறார்கள். தள்ளிப்போடக் கொடுக்கும் நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. ஈஸ்ட்ரோஜன் கலக்காத புரொஜெஸ்டின் ஹார்மோன்தானே, அதில் ரத்தம் உறையும் பயம் எதற்கு? மாலா-டி கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் கேட்டால் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில் – மருந்தியல்காரன்
பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. நோரெதிஸ்டிரோனில் கொஞ்சம் உடம்புக்குள்ளேயே எத்தினைல் எஸ்ட்ராடயாலா, அதாவது செயற்கை ஈஸ்ட்ரோஜனா, மாறிடும். மூணு வேளையும் போட்டா நாளுக்கு 15 மி.கி.; அது 20–30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயால் உள்ள கருத்தடை மாத்திரைக்கு ஈடுன்னு சொல்றாங்க. மாலா-டியில இருக்கிறதே 30தான்.

இயற்கையான எஸ்ட்ராடயாலைக் கல்லீரல் சீக்கிரம் உடைச்சிடும். எத்தினைல் ஒட்டினது லேசில் உடையாது, கல்லீரலை விடாம தூண்டும். அதனால ரத்தத்தை உறைய வைக்கிற ஃபைப்ரினோஜன், 7, 10-ஆம் காரணிகள் கூடும். உறைதலைத் தடுக்கிற ஆன்டித்ராம்பினும் புரோட்டீன் எஸ்ஸும் குறையும். மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் வருஷத்துக்கு 2 பேருக்கு ரத்தக்கட்டு வந்தா, மாலா-டி வகையில 5–7, டிராஸ்பைரினோன்ங்கிற வேற புரொஜெஸ்டின் சேர்ந்த கருத்தடை மாத்திரையில 9–12. ஆரம்ப மாதங்கள்லதான் ஆபத்து அதிகம்.

பதில் – தொண்டி செவிலியர்
மாலா-டி எடுக்கிறவங்களுக்கு நோரெதிஸ்டிரோனே வேண்டாம் தம்பி. 21 ஹார்மோன் மாத்திரை முடிஞ்சதும் 7 இரும்புச்சத்து மாத்திரையை விட்டுட்டு, மறுநாளே புது அட்டையைத் தொடங்கச் சொல்லுங்க. விலக்கு வராது.

மத்தவங்களை டாக்டர்கிட்ட அனுப்புங்க. அதுக்கு முன்னாடி நாலு கேள்வி: முன்னாடி காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்திருக்கா, அம்மா அக்காவுக்கு வந்திருக்கா, பிரசவமாகி ஆறு வாரம் ஆச்சா, கண்ணுல மினுக்கம் தெரிஞ்சு ஒத்தைத் தலைவலி வருதா. ஒண்ணுக்கு ஆமான்னாலும், பிரசவம் ஆறு வாரத்துக்குள்ளன்னாலும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. ராத்திரி முழுக்க பஸ்ஸில காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வர்றவங்களுக்கு ஆபத்து இன்னும் கூடும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா தைலம் போட்டு நீவ விடாதீங்க. முட்டிக்குக் கீழே எலும்பு மேடிருக்கும்; அதிலிருந்து 10 செ.மீ. இறக்கி ரெண்டு காலையும் டேப்பில அளங்க. 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம்னா அன்னைக்கே டாப்ளர் (ரத்தக்குழாய் ஸ்கேன்) எடுக்க அனுப்புங்க. திடீர்னு மூச்சு வாங்கினா 108.

கேள்வி – மண்டபம் மருந்துக்கடை
நன்றி அக்கா. டாக்டர் சீட்டோட வந்தா எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில் – தொண்டி செவிலியர்
விலக்கு வர்ற தேதிக்கு மூணு நாள் முன்னாடியே தொடங்கணும். முந்தின நாள் வந்து கேட்டா பலிக்காது. நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல வந்துடும், கொஞ்சம் அதிகமாவே போகலாம். அப்போ ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் கேட்டு வருவாங்க, குடுத்துடாதீங்க. அது ரத்தக்கட்டு கரையறதையே தடுக்கிற மருந்து.