ஈடுகொடுதிறன்: கடலோரக் கட்டடத்துக்கும் கரைக்கும் குடிகளுக்கும் ஒரே சொல் போதுமா?

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் கடலோரப் பகுதிகளைப் பற்றி எழுதும்போது 'ரெசிலியன்ஸ்' (பாதிப்புக்குப் பின்னும் நிலைத்துத் தொடரும் ஆற்றல்) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு மீள்திறன், தாங்குதிறன், நெகிழ்திறன் என்ற மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுமே நல்ல சொற்கள். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றையே தேர்ந்துகொண்டு, அடுக்குமாடிக் கட்டடம், மணற்கரை, மீனவர் குப்பம் ஆகிய மூன்றுக்கும் அதையே வழங்கினால், ஒன்றின் உறுதி மற்றொன்றின் அழிவாக முடியக்கூடும் என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

மீள்திறன் என்பது மணற்கரைக்கு மிகப் பொருத்தமானது. புயற்காலத்தில் அலை கரைமணலை இழுத்துச் சென்று சற்றுத் தொலைவில் கடலடியில் திட்டாகச் சேர்க்கிறது. கடல் அமைதியாகும் மாதங்களில் அதே மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குக் கொண்டுவருகிறது. கரைக்குப் பின்னால் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து காற்றில் வரும் மணலைப் பிடித்துவைத்த மேடுகள் இருந்தால், அடுத்த புயலுக்கு வேண்டிய இருப்பு அங்கே இருக்கும். போவதும் மீள்வதும் உண்மையில் நடப்பதால் அந்தச் சொல் இங்கே நிலைக்கிறது. மணல் வரத்து தடைபட்டாலோ, கரை பின்னே நகர இடமில்லாமல் சுவர் எழுந்தாலோ மீள்வது நின்றுபோகிறது.

இதற்குப் புதுச்சேரியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்தக் கடலோரத்தில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக எழுப்பப்பட்ட அலைத்தடுப்புகள் அந்த வரத்தை மறித்ததால் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்துபோனது. நகரத்தைக் காக்கப் பாறாங்கற்கள் கொட்டப்பட்டன. கட்டடங்களும் சாலையும் தப்பின. ஆனால் அரிப்பு வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களின் கரையைத் தின்றது. அரிப்புக்கு ஆளான குப்பங்களில், மனை முழுவதும் போன பின்பும் கிணற்று உறைகள் மட்டும் அலைகளுக்கு நடுவே நிற்பதைப் பார்த்தவர்கள், நகரத்துக் கரையை மட்டும் காட்டி 'மீள்திறன் மிக்க கடலோரம்' என்று எழுதமாட்டார்கள். பிற்பாடு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் அமைத்த ஆப்பு வடிவத் தடுப்பால் நகரத்தின் முன் மணல் திரும்பியது என்பதையும், இடமும் மணலும் கிடைத்தால் கரை மீளும் என்பதற்குச் சான்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டடத்தின் நிலை வேறு. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்து மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. அதன் பிறகு கட்டடம் தானாக மீள்வதில்லை. தரைத்தளத்தை உயர்த்துவதும், கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் கனம் விடுவதும் தாங்குவதற்கான ஏற்பாடுகளே. ஆகவே கட்டடத்துக்குத் தாங்குதிறன் போதும்.

குடிகளுக்கு இவ்விரண்டுமே போதவில்லை. 1973இல் சூழலியலில் 'ரெசிலியன்ஸ்' என்ற கருத்தை நிலைநிறுத்திய அறிஞர் ஹோலிங், பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தையன்றி, அதிர்ச்சியை உள்வாங்கியும் ஓர் அமைப்பு தன் உறவுகள் சிதையாமல் தொடர்வதையே முதன்மையாகக் கண்டார். கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை உலக சராசரியில் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துள்ளது; 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்ற வேகத்தை எட்டியது. இந்நிலையில் ஒரு குப்பம் திரும்பிச் செல்லப் பழைய கரையே இருக்காது. வீடுகள் பின்னே நகர்ந்தாலும் படகு ஏற்றவும், வலை காயவைக்கவும், மீன் ஏலம் விடவும் கரையில் இடம் அவர்களுக்கே இருக்கவேண்டும். அந்த வாழ்வு தொடர்வதைக் குறிக்க நம் பேச்சிலேயே ஒரு வினை இருக்கிறது. ஒருவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்கிறோம், விலைவாசிக்கு ஈடுகொடுக்கப் பாடுபடுகிறோம். எதிரில் இருப்பது ஓயாமல் மாறிக்கொண்டிருக்க, நாமும் மாறித் தளராமல் நிற்பதே அதன் பொருள். எனவே ஈடுகொடுதிறன் என்ற வினைத்தொகையை முன்மொழிகிறேன்.

அன்புடன்.

* * *

ஐயா, வணக்கம்.

தங்கள் பகுப்பை முழுமனதுடன் ஏற்கிறேன். சொல்லில்தான் எனக்குத் தயக்கம் உண்டு. இலங்கையில் எங்களுக்கு ஈடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அடமானம்தான். காணியை ஈடு வைப்பதும் ஈடு மீட்பதும் எங்கள் அன்றாடப் பேச்சு. 'கடலோரக் காணியின் ஈடுகொடுதிறன்' என்று ஒரு கட்டுரையில் வந்தால், அந்தக் காணியை வைத்து எவ்வளவு கடன் பெறலாம் என்றே எங்கள் வாசகர் விளங்கிக்கொள்வார். இதைச் சிறிய இடர்ப்பாடு என்று தள்ளிவிட வேண்டாம். சுனாமிக்குப் பின் இங்கே தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டத் தடையுள்ள வலயம் அறிவிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டபோது, தமது காணிக்கு என்ன ஆகும் என்பதே கரையோரக் குடும்பங்களின் முதல் கவலையாக இருந்தது. காணி பற்றிய சொல்லும் வாழ்வு பற்றிய சொல்லும் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடாது. தாக்குப்பிடிதிறன் என்பதைக் கருதலாமா?

நன்றி.

* * *

அம்மா, வணக்கம்.

தங்கள் தடை மிகச் சரியானது. அது இந்தப் பகுப்பை இன்னும் உறுதியாக்குகிறது. காணியும் மனையும் எதற்கும் ஈடுகொடுப்பதில்லை, அவற்றின் மேல் வாழ்பவர்களே கொடுக்கிறார்கள். ஆகவே 'மனையின் ஈடுகொடுதிறன்' என்ற தொடரை நாம் எழுதவே தேவையில்லை. கட்டடம் என்றால் தாங்குதிறன், கரை என்றால் மீள்திறன். குடிகளுடன் சேர்த்து மட்டும் 'குப்பத்தின் ஈடுகொடுதிறன்', 'கடலோரக் குடிகளின் ஈடுகொடுதிறன்' என்று எழுதும்போது அடமானப் பொருள் எழ வாய்ப்பு மிகக் குறைவு.

தாக்குப்பிடித்தல் உயிருள்ள சொல். ஆயினும் அது அடி விழும்போது அசையாமல் நிற்பதையே முன்னிறுத்துகிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடலோரங்களில் கட்டுமானத்துக்குத் தடையுள்ள பட்டையை உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து) 200 மீட்டருக்குப் பதில் 50 மீட்டராகக் குறைத்தது. அப்படித் தடையிலிருந்து விடுபட்ட இடத்தில் எழக்கூடிய விடுதி புயலைத் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அதே இடத்தில் படகு நிறுத்தி வந்த குப்பத்துக்கு நகர வழியில்லாமல் போகும். நகர்வதற்கும் உரிமையோடு தொடர்வதற்கும் இடம்தரும் சொல்லே நமக்கு வேண்டும் என்பதால் என் முன்மொழிவில் நிற்கிறேன்.

சொற்கோவையில் பதிவை இப்படி அமைக்கலாம். ஈடுகொடுதிறன்: மாறிவரும் சூழலின் தாக்கத்தை ஏற்று, தேவையெனில் இடமும் தொழில்முறையும் மாற்றிக்கொண்டு, வாழ்வாதாரமும் உறவுகளும் சிதையாமல் தொடரும் சமூகத்தின் ஆற்றல். கட்டடத்துக்கும் மனைக்கும் வழங்கலாகாது. இலங்கை வழக்கில் ஈடு என்பதற்கு உள்ள பொருளைத் தாங்களே ஒரு வரியாக எழுதி அனுப்பினால், அதையும் பதிவிலேயே சேர்த்துவிடலாம்.