பொருள்: சோழியின் 'மேன்டில்', தமிழில் என்ன?

அன்பர்களே,
பணச்சோழி (மொனெட்டாரியா மொனெட்டா) செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படத்தில் 'மேன்டில்' மட்டும் பெயரில்லாமல் நிற்கிறது. ஓட்டின் இருபுறமும் இரண்டு இதழ்களாக ஏறி முதுகில் சந்திக்கும் மெல்லிய சதை. மாணவருக்குப் புரிகிற சொல் வேண்டும்.

---
'கவசம்' வேண்டாம். புவியியல் பாடம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. இங்கே கவசம் ஓடுதான். 'போர்வை' போதும்.

---
> 'போர்வை' போதும்

போதாது ஐயா. மற்ற நத்தைகள் பெரும்பாலானவற்றில் இது ஓட்டுக்குள்ளேயே இருந்து உள்ளுறுப்புகளை மூடுகிறது. சோழியிலோ வெளியே வந்து ஓட்டின்மேல் படர்கிறது. 'படாம்' என்போம். பேகன் மயிலுக்கு ஈந்தது படாம். படர்தலோடு உறவுள்ள சொல்.

---
படாம் வடமொழிப் 'படம்' வழி வந்தது என்பாரும் உண்டு. அது கிடக்கட்டும், தலைப்பைக் கவனியுங்கள். 'பலகறை' இருக்கப் பணச்சோழி எதற்கு? பல கறையுடையது என்று பிரிப்பது பொருந்தாது. இந்த ஓடு வெளிர்மஞ்சள், புள்ளியே கிடையாது. கறைக்கு இறை, அதாவது வரி, என்றும் பொருள். சிலப்பதிகாரத்தின் 'கறைகெழு குடிகள்' நினைவிருக்கும். மாலத்தீவிலிருந்து வங்கம்வரை காசாகப் புழங்கிய பொருள் இது. 1758இல் லின்னேயஸ் இட்ட 'மொனெட்டா'வும் காசையே குறிக்கிறது.

---
தலைப்பு பிறகு. அந்தச் சதை செய்கிற வேலையைப் பாருங்கள். ஓட்டின் வெளிப்புறத்தில் சுண்ணத்தைப் பூசிப் பூசி மினுக்குவது அதுதான். ஆகவே 'ஓடீனி'.

செய்முறையில் ஒரு திருத்தம். எடுத்த எடுப்பில் ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தை ஊற்றினால் இதழ்கள் ஓட்டின் அடிப்புறப் பல்வரிசை இடுக்குக்குள் ஒடுங்கிவிடும், காட்ட ஒன்றும் மிஞ்சாது. கடல்நீர்த் தட்டில், மங்கிய ஒளியில், அசைக்காமல் வையுங்கள். இதழ்கள் முழுதும் ஏறியபின், உயிரை மயக்க, லிட்டருக்கு 75 கிராம் மக்னீசியம் குளோரைடு படிகம் கரைத்த வாலைவடிநீரைத் தட்டின் ஓரமாகச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடல்நீருக்குச் சம அளவாக்குங்கள். தொட்டும் சுருங்காத பிறகே பதப்படுத்த வேண்டும். அமிலத்தன்மையுள்ள ஃபார்மலின் ஓட்டின் மினுக்கைத் தின்றுவிடும்.

---
ஓட்டை ஈனுவது என்றால் வேற்றுமைப் புணர்ச்சி. டகரம் இரட்டி 'ஓட்டீனி' ஆகும். வகுப்பில் தேர்தல் ஓட்டுதான் நினைவுக்கு வரும்.

---
செய்முறைத் திருத்தம் சேர்த்தாயிற்று, நன்றி. சொல்லுக்குப் போர்வைப் பக்கமே ஆட்கள் அதிகம். 'மென்போர்வை' என்று போட்டு, அடைப்பில் 'மேன்டில்' கொடுக்கிறேன். தலைப்பு பணச்சோழியாகவே இருக்கட்டும்.

---
'மென்போர்வை ஓட்டைச் சுரக்கிறது' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். எந்தப் போர்வை எதைச் சுரக்கும்? ஓடீனியை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.