பொருள்: ‘சவால்’ வேண்டாம், ‘எதிர்ப்படுத்தல்’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

எச்ஐவி தடுப்பூசி ஆய்வில், தடுப்பூசி போட்ட குரங்குக்குப் பின்னர் வேண்டுமென்றே வைரஸைச் செலுத்திப் பார்க்கும் கட்டத்தை ஆங்கிலத்தில் ‘சேலஞ்ச்’ என்பர். அதைச் ‘சவால்’ என்றே எழுதலாம் என்று நம் குழும உறுப்பினரான ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். ஏற்கத் தயங்குகிறேன். இங்கே பினாங்கில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இதை விளக்கியபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி, “குரங்குக்கு யார் டீச்சர் சவால் விட்டது?” என்று கேட்டாள். அவள் மீது குற்றமில்லை. தமிழில் சவால் என்பது விடுவதும் ஏற்பதும்தான்.

குழுமத்தின் அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த ‘தொற்றூட்டல்’ அழகான சொல். ஆனால் தொற்று உண்டாகிவிட்டது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆய்வு கேட்பதோ, தொற்று உண்டாகிறதா என்பதைத்தான்.

இந்த வேறுபாடு சிறியதன்று; வைரஸைச் செலுத்துவதாலேயே தொற்று உண்டாகிவிடாது. எச்ஐவி ரீசஸ் குரங்குகளைத் தொற்றுவதில்லை. அதைத் தடுப்பது டிரிம்5 ஆல்ஃபா என்னும் புரதம் என்பது 2004இல் தெரியவந்தது. (நம் மலேசியாவில் தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்கிடம் இப்புரதம் வேறு வடிவில் இருப்பதால், அதற்கு எச்ஐவி தொற்றும், ஆனால் நிலைப்பதில்லை.) ஆகவே ரீசஸ் குரங்குகளுக்கு எஸ்ஐவி என்னும் குரங்கு வைரஸையோ, இரண்டையும் இணைத்து உருவாக்கிய வைரஸையோ செலுத்துகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரிம்5 மரபணுவின் சில வடிவங்களைப் பெற்ற குரங்குகள் எஸ்ஐவி எஸ்எம்இ660 வகையை ஓரளவு தடுத்துவிடும். எஸ்ஐவியின் மற்றொரு வகையான மேக்239இடம் அந்தத் தடை செல்லாது. தடுப்பூசிக் குழுவில் அத்தகைய குரங்குகள் மிகுந்துவிட்டால், பிறப்பிலேயே வந்த காப்பைத் தடுப்பூசி தந்த காப்பு என்று கொள்ள நேரும். அதனால்தான் மரபணு வடிவத்தைப் பார்த்து, குரங்குகளைத் தடுப்பூசி பெறும் குழு, பெறாத குழு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடுகிறார்கள்.

செலுத்தும் அளவும் முடிவை மாற்றும். ஒரே முறை பேரளவில் செலுத்தினால் ஏறத்தாழ எல்லாக் குரங்குகளுக்கும் தொற்றிவிடும். பாலுறவு வழியாக மனிதருக்குத் தொற்றும் விதம் அப்படிப்பட்டதன்று. சிற்றளவில் வாரந்தோறும் செலுத்தி, எத்தனையாவது முறையில் தொற்றுகிறது என்று எண்ணுவது அதற்கு நெருங்கியது. எனவே நமக்கு எண்ணத்தக்க ஒரு சொல் வேண்டும்.

என் முன்மொழிவு ‘எதிர்ப்படுத்தல்’. ஒருவர் தற்செயலாக வைரஸை எதிர்ப்படுகிறார். ஆய்வாளர் குரங்கை வைரஸுக்கு எதிர்ப்படுத்துகிறார். தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைப்பதால் இயல்பாக நேர்வதையும் வேண்டுமென்று செய்வதையும் பிரித்துச் சொல்ல முடிகிறது. “நான்காம் எதிர்ப்படுத்தலில் தொற்றியது” என்றும் “சிற்றளவுத் தொடர் எதிர்ப்படுத்தல்” என்றும் தடையின்றி எழுதலாம்.

‘நோயெதிர்ப்பு’ என்னும் சொல்லோடு இது குழம்பும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. முதல்முறை வரும் இடத்தில் ‘வைரஸுக்கு எதிர்ப்படுத்தல்’ என்று முழுமையாக எழுதினால் அக்குழப்பம் பெரிதும் நீங்கும் என்று கருதுகிறேன். இதனினும் தெளிவான வேர் யாருக்கேனும் தோன்றினால், முழு வாக்கியத்தில் வைத்து எழுதிக் காட்டுமாறு வேண்டுகிறேன்.